திரைக்கு வராத விண்கலங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைகதைப் படங்களுக்காக வரையப்பட்டு, அந்தப் படங்களில் இடம்பெறாமல் போன விண்கல வடிவங்களைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு வடிவம் கைவிடப்பட்டது என்றாலே அதில் ஏதோ குறை இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். அறிவியலுக்கு மிகச் சரியாகப் பொருந்தியும் நீக்கப்பட்ட வடிவங்கள் உண்டு.

1968இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில், வியாழனை நோக்கிச் செல்லும் 'டிஸ்கவரி' கலத்தை உருவாக்குவதற்கு, நாசாவில் பணியாற்றிய பிரெடரிக் ஆர்ட்வே, ஹாரி லாங்கே ஆகியோரின் துணை நாடப்பட்டது. அணுகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக் கலத்தை உந்தும் 'ஓரியன்' முறையையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அணுகுண்டை எள்ளி நகையாடும் படம் ஒன்றை 1964இல்தான் குப்ரிக் கொடுத்திருந்தார். மறுபடியும் குண்டா என்று அதை ஒதுக்கிவிட்டார்.

அணு உலையால் இயங்கும் கலமென்று முடிவானபோது வேறொரு சிக்கல் எழுந்தது. உலையின் கழிவு வெப்பத்தைப் பூமியிலென்றால் காற்றோ நீரோ வாங்கிக்கொள்ளும். வெற்றிடத்தில் கதிர்வீச்சாக உமிழ்ந்தே அதை வெளியேற்ற முடியும், அதற்குப் பரந்த பரப்பு வேண்டும். ஆகவே தொடக்க கால வரைபடங்களில் கலத்தின் பின்பகுதியில் பெரிய வெப்ப உமிழ் தகடுகள் விரிந்திருந்தன. படத்தில் அவற்றைக் காண முடியாது. காற்றே இல்லாத இடத்தில் செல்லும் கலத்துக்கு இறக்கை எதற்கு என்று பார்ப்பவர்கள் குழம்புவார்களே என்ற தயக்கத்தால் அவை நீக்கப்பட்டன. ஒலியே பரவாத விண்வெளியை ஒலியில்லாமலே காட்டத் துணிந்த ஓர் இயக்குநர் இந்த இடத்தில் மட்டும் பின்வாங்கியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்று பூமியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அம்மோனியா ஓடும் குழாய்களோடு அத்தகைய தகடுகள் நீண்டிருக்கின்றன. 2009இல் வந்த 'அவதார்' படத்தின் கலத்திலும் அவை செந்நிறமாக ஒளிர்கின்றன. அவற்றை இறக்கை என்று நினைத்து எவரும் குழம்பியதாக நான் கேள்விப்படவில்லை.

சில வடிவங்கள் படமே நின்றுபோனதால் பரண் ஏறின. 1976, 77ஆம் ஆண்டுகளில் திட்டமிடப்பட்ட ஒரு 'ஸ்டார் டிரெக்' படத்துக்காக, கென் ஆடமும் ரால்ஃப் மெக்குவாரியும் 'என்டர்பிரைஸ்' கலத்துக்கு முக்கோண உடலைக் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி' என்னும் தொலைக்காட்சித் தொடரில் அதன் சாயல் வெளிப்பட்டது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக நடந்த மாற்றந்தான். நாயகர்கள் பயணம் செய்யும் 'மில்லேனியம் ஃபால்கன்' கலம், காலின் கான்ட்வெல் வரைந்த தொடக்க வடிவத்தில் தட்டையான வட்டமாக இருக்கவில்லை. முன்னே கூம்பு வடிவ விமானி அறையும் பின்னே இயந்திரக் கொத்தும் கொண்ட நீண்ட உடலாக இருந்தது. அதற்கான மாதிரியைச் செய்து முடித்த நிலையில், 1975இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிரிட்டிஷ் தொடரான 'ஸ்பேஸ்: 1999'இன் 'ஈகிள்' கலத்தைப் போலவே அது இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. புதிய வட்ட வடிவத்தை ஜோ ஜான்ஸ்டன் அமைத்தார். பழைய விமானி அறையின் வடிவம் மட்டும் அதன் பக்கவாட்டில் இடம்பிடித்தது.

செலவழித்துச் செய்த மாதிரியை வீணாக்க மனம் வருமா? அதன் முகப்பில் சுத்தியல் தலையைப் போன்ற ஒரு பகுதியைப் பொருத்தி, இளவரசி தப்பியோடும் கலமாக்கிவிட்டார்கள். நாயகனின் கலமாகப் பிறந்த காரணத்தால் அந்த மாதிரி ஏறத்தாழ ஆறடி நீளம். திரையில் அதைத் துரத்தி வந்து விழுங்கும் மாபெரும் போர்க்கலத்தின் மாதிரியோ மூன்றடிதான். 1977இல் படம் தொடங்கியதும் பார்வையாளர்கள் கண்ட முதல் விண்கலம் அந்தக் கைவிடப்பட்ட வடிவமே.