பொடி எழுத்துப் பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மேல்நாட்டு பாப், ராக் கச்சேரிகளின் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலைந்து பெயர்கள். அந்தப் பொடி எழுத்துக்காரர்கள்தான் 'ஓப்பனிங் ஆக்ட்'. கூட்டம் அவர்களுக்காக வந்திருக்காது. பாதிப்பேர் அப்போதுதான் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் நம் சபாக்களில் மத்தியானக் கச்சேரி செய்யும் இளம் வித்வான்களிடம் கேட்டால் இந்த அனுபவத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

1963 பிப்ரவரி 2. இங்கிலாந்தின் வடபகுதியில் பிராட்ஃபோர்டு என்ற ஊர். அங்கே கோமான்ட் என்ற சினிமா தியேட்டரில் ஒரு கச்சேரி. போஸ்டரில் பெரிய எழுத்துக்கு உரியவர் ஹெலன் ஷப்பிரோ. அப்போது அவருக்கு வயது 16. பதினாறு வயது ஆவதற்குள்ளேயே இரண்டு பாட்டுகளை விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோன பெண். கனமான, கட்டைக்குரல். அவருக்குக் கீழே டேனி வில்லியம்ஸ், கென்னி லிஞ்ச், கெஸ்ட்ரல்ஸ் குழு. கூடவே லிவர்பூலிலிருந்து வந்த நாலு பையன்கள். குழுவின் பெயர் பீட்டில்ஸ்.

அந்தக் காலத்தில் இதைப் 'பேக்கேஜ் டூர்' என்பார்கள். ஆறேழு கலைஞர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராக சினிமா தியேட்டர்களில் இறக்கிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே மாலையில் இரண்டு காட்சிகள். யாருக்கும் அதிக நேரம் கிடையாது. அந்த வருஷக் குளிரோ இங்கிலாந்து பல காலமாகப் பார்த்திராத குளிர். பனி மூடிய சாலைகளில் பஸ் ஊர்ந்துதான் போக வேண்டும்.

பீட்டில்ஸுக்குக் கிடைத்தது சில பாட்டுகளுக்கான நேரம்தான். ஆனால் அவர்கள் பழகியிருந்தது வேறு மாதிரி. 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்புகளில் ராத்திரிக்கு நாலரை மணி நேரம், வார இறுதியில் அதற்கும் மேலே வாசித்தவர்கள். அங்கே ஒரு பாட்டை இழு இழு என்று இழுக்கலாம், நடுவில் கூத்தடிக்கலாம். அவர்கள் தேறியதே ஹாம்பர்க்கில்தான் என்று எழுதாதவர் இல்லை. மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசிக்கிறவன் என்ற முறையில் நான் இந்தக் குளிர்காலப் பஸ் பயணத்துக்குத்தான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். நாலு மணி நேரம் வாசிக்கத் தெம்பு இருந்தால் போதும். நாலே பாட்டில், வேறொருத்தியைக் கேட்க வந்த கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப, எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது, எதை வெட்டுவது, எங்கே பேசாமல் அடுத்ததற்குத் தாவுவது என்ற கணக்கு தெரிய வேண்டும்.

பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே கிடைத்த இடைவெளியில், பிப்ரவரி 11 அன்று லண்டனுக்கு ஓடினார்கள். ஒரே நாளில் பத்துப் பாட்டு ஒலிப்பதிவு. குழுவில் ஒருவரான ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம் வேறு. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி அந்த ஒரு நாள் வேலைதான். பிப்ரவரி 28 அன்று யார்க் ஊரிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குப் போகும் பஸ்ஸிலேயே அடுத்த இசைத்தட்டுக்கான 'ஃப்ரம் மீ டு யூ' பாட்டை லெனனும் குழுவின் இன்னொருவரான பால் மெக்கார்ட்னியும் எழுதினார்கள்.

நடுவே ஒரு வேடிக்கை. கார்லைல் ஊரில் கச்சேரி முடிந்து, கோல்ஃப் கிளப்காரர்களின் நடன விருந்துக்குப் போனார்கள். தோல் ஜாக்கெட் போட்டு வந்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்!

எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாதவர் ஹெலன்தான். அந்தப் பயணத்தின்போது ஒரு இசைப் பத்திரிகையில், பதினாறு வயதிலேயே ஹெலன் ஷப்பிரோவின் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டுத் தலைப்புப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்து இடிந்துபோன பெண்ணைத் தேற்றியவர் லெனன். இதைப் பின்னாளில் ஹெலனே சொல்லியிருக்கிறார். லெனனும் மெக்கார்ட்னியும் அவருக்கென்றே 'மிசரி' என்று ஒரு பாட்டும் எழுதினார்கள். ஹெலன் தரப்பில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே பஸ்ஸில் வந்த கென்னி லிஞ்ச் அதை எடுத்துப் பாடிப் பதிவு செய்தார். பீட்டில்ஸ் எழுதிய பாட்டை இசைத்தட்டில் பாடிய முதல் வெளி ஆள் அவர்தான்.

பயணம் முடிவதற்குள் பீட்டில்ஸின் 'பிளீஸ் பிளீஸ் மீ' பாட்டு சில பத்திரிகைப் பட்டியல்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. போஸ்டரில் மட்டும் எழுத்து அதே அளவு!

ஓப்பனிங் ஆக்ட் எப்போதும் இப்படி ஜெயித்துவிடுவதில்லை. 1967 ஜூலையில் அமெரிக்காவில் மங்கீஸ் குழுவுக்கு முன்னால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை வாசிக்க வைத்தார்கள். வந்திருந்த கூட்டமோ தொலைக்காட்சியில் மங்கீஸைப் பார்த்து மயங்கிய சின்னப் பெண்கள். அவர் கித்தாரை முழக்க, அவர்கள் மங்கீஸ் பெயரைச் சொல்லிக் கத்த, சில நாளிலேயே அவர் விலகிக்கொண்டார். வித்வத்தில் குறை ஒன்றுமில்லை. கூட்டம் வேறு, அவ்வளவுதான்.

பீட்டில்ஸுக்கு வருவோம். அதே 1963 மே மாதம் இன்னொரு பேக்கேஜ் டூர். இந்த முறை கடைசியில் மேடையேறுகிறவர்கள் பீட்டில்ஸ். அவர்களுக்கு முன்னால் பாடியவர் அமெரிக்காவின் ராய் ஆர்பிசன். அசையாமல் நின்ற இடத்திலேயே நின்று பாடுகிற மனிதர். முதல் ராத்திரி ஜனங்கள் அவரை விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திரைக்குப் பின்னால் காத்திருந்த லெனனும் மெக்கார்ட்னியும், மறுபடி மேடைக்குப் போகவிடாமல் ஆர்பிசனின் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.