பெயர் சொல்லாமல் போற்றப்பட்டவர்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சிறிது தூரம் நடந்தால், 2007இல் திறக்கப்பட்ட புத்தர் பல் கோயில் வந்துவிடும். அதைக் கடந்து போகும் நம்மில் பலர், பௌத்தத்திற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை என்றே எண்ணிக்கொள்கிறோம். எனக்கு அந்த எண்ணத்தைக் கலைத்தது மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியம். அதைக் கணினியில் தேடப்போய் நான் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

'புத்த' என்று தட்டினேன். 'புத்த ஞாயிறு' போன்ற சில இடங்கள் கிடைத்தன. ஆனால், அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, "மாரனை வெல்லும் வீர நின்னடி" எனத் தொடங்கி வரிக்கு வரி புத்தர் திருவடியைப் போற்றும் பகுதி வரவே இல்லை. புத்தர் என்ற சொல் அங்கே இல்லை. கைப்பேசியில் தாய்மாமன் எண்ணை 'மாமா' என்றுதானே பதிந்திருப்பீர்கள்? அடையாள அட்டைப் பெயரைத் தட்டினால் அவர் அகப்படமாட்டார். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காத நம் வழக்கம் கணினிக்குத் தெரியாது.

இது கணினியோடு வந்த சிக்கலன்று. கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் மணிமேகலை ஏடுகளோடு போராடியபோது, சொற்கள் கண்முன்னே இருந்தும் அவை எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை என்பது விளங்கவில்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார்தாம் அது பௌத்த நூல் என்று கண்டுசொன்னார். (இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன், வீட்டில் கேலி செய்கிறார்கள்.) 1898இல் ஐயர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, புத்தரின் வரலாற்றையும் அறத்தையும் சங்கத்தையும் விளக்கி எழுதியே சேர்த்தார்.

சீன மொழிப் பௌத்த நூல்களை மின்வடிவாக்கும் பெரும்பணி தைவானில் 1998இல் தொடங்கியது. அங்கே பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறும் பாடவேறுபாடுகளைக்கூடக் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். தமிழிலும் ஒவ்வோர் அடைமொழிக்கும் 'இவர் புத்தர்' என்று மனிதர் ஒருவர் குறியிட வேண்டும். மாலை வேளைகளில் நான் அதைத்தான் செய்கிறேன். 'அறவாழி' என்ற சொல்லில் மட்டும் பல நாள் நின்றுவிட்டேன்; சமணர் அருகனுக்கும் அதைச் சொல்வர், குறளிலும் 'அறவாழி அந்தணன்' வருகிறான். இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாகப்பட்டினத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நமக்கு அண்டையிலுள்ள கடாரத்து (இன்றைய கெடா) அரசன் அங்கே எழுப்பிய பௌத்த விகாரைக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்தான். அதைச் சூடாமணி விகாரை என்கிறோம். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியிலோ 'சூளாமணி' என்றிருக்கிறது. தேடுவோர் இரண்டையும் தட்டிப் பாருங்கள். வணக்கம்.