திருடி வந்த எலும்பும் ஒரு மலைக் கிராமத்துத் தேவாலயமும்

[காட்சி: பனி விலகும் பள்ளத்தாக்கு. கற்பலகைக் கூரைகளுக்கு நடுவே மூன்று கோபுரங்கள்]

இந்தத் தேவாலயத்தின் கதை ஒரு திருட்டில் தொடங்குகிறது. திருடியவர் ஒரு துறவி.

தெற்கு பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில் இருக்கிறது கொங்க். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கிராமம். 9-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு ஏழை மடம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு மடம் பிழைக்க வேண்டுமென்றால் யாத்திரிகர்கள் வர வேண்டும். யாத்திரிகர்கள் வர வேண்டுமென்றால் ஒரு புனிதரின் திருப்பண்டம், அதாவது அவருடைய எலும்பு போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். கொங்கில் அப்படிப் பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை.

அஜான் நகரத்தில் இருந்தது. ரோமானியர் காலத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகள். கொங்க் துறவி ஒருவர் அஜானுக்குப் போய், பத்து வருஷம் நல்லவராக இருந்து, கல்லறைக்கே காவலராகி, ஒருநாள் எலும்புகளோடு ஊர் திரும்பினார் என்று மடத்தின் பழைய ஏடு சொல்கிறது. வெட்கப்பட்டு அல்ல, பெருமையாகவே சொல்கிறது! புனிதைக்கு விருப்பமில்லாவிட்டால் அவளைத் தூக்கி வந்திருக்க முடியுமா என்பது அவர்கள் வாதம். இது நடந்தது 866-வாக்கில்.

[காட்சி: தங்கச் சுரூபத்தின் முகம், மிக அருகில்]

அந்த எலும்புக்காகச் செய்த சுரூபம், அதாவது சிலை இது. உயரம் 85 சென்டிமீட்டர். உள்ளே மரம், மேலே தங்கத் தகடு, உடம்பெல்லாம் ரத்தினங்கள். முகத்தைப் பாருங்கள், சிறுமியின் முகம் மாதிரியா இருக்கிறது? இது ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்தில் செய்த ஏதோ ஒரு தங்கத் தலை. அதை எடுத்து இந்த உடம்பில் பொருத்திவிட்டார்கள். 1013-இல் இங்கே வந்த பெர்னார் என்ற கல்விமான், முதலில் இதை விக்கிரக வழிபாடு என்று கேலி செய்தார். அப்புறம் மனம் மாறி, இந்தப் புனிதை செய்த அற்புதங்களை எழுதி வைத்தவரும் அவரேதான்.

சரி, கூட்டம் வந்தது. ஸ்பெயினில் உள்ள புனிதத் தலமான சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போகிறவர்களின் பாதையும் இந்த வழியாகவே போனது. பழைய கோயில் போதவில்லை. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒதோல்ரிக் என்ற ஆதீனத் தலைவர் புதிதாகக் கட்டத் தொடங்கினார்.

[காட்சி: நடுக்கூடத்திலிருந்து மேலே பார்க்கும் கேமரா]

சரிவில் இடம் கிடையாது. அதனால் நீளம் சுமார் 56 மீட்டர்தான். இதே வகையில் கட்டிய துலூஸ் நகரத்துத் தேவாலயம் 115 மீட்டர். ஆனால் இங்கே உயரத்தில் குறை வைக்கவில்லை. நடுக்கூடம் 22 மீட்டர். மேலே முழுக்கக் கல்லால் ஆன அரைவட்டக் கூரை. கல் கூரை சும்மா உட்கார்ந்திருக்காது, இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் சாயாமல் இருக்க என்ன செய்தார்கள்? பக்கத்து நடைகளுக்கு மேலே மாடி கட்டி, அதற்குக் கால்வட்டக் கூரை போட்டார்கள். சாயும் சுவருக்குத் தோள் கொடுக்கிற மாதிரி அந்தக் கால்வட்டம் நடுச்சுவரில் போய் முட்டி நிற்கிறது.

பீடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. துறவிகள் செபிக்கும்போது அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் யாத்திரிகர்கள் சுற்றி வரலாம். நடுவில் இரும்புக் கிராதி. சிறையிலிருந்து விடுபட்டவர்கள் ஃபுவாவுக்குக் காணிக்கையாகத் தந்த கைகால் விலங்குகளை உருக்கிச் செய்தது என்பார்கள்.

[காட்சி: மேற்கு வாசல், இறுதித் தீர்ப்புச் சிற்பம்]

இந்த வாசலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது, 124 உருவங்கள். நடுவில் கிறிஸ்து. அவருக்கு வலப்பக்கம் மோட்சம், இடப்பக்கம் நரகம். உண்மையைச் சொன்னால், மோட்சத்தில் எல்லோரும் வரிசையாக, கொஞ்சம் சலிப்பாக நிற்கிறார்கள். சிற்பியின் உற்சாகமெல்லாம் நரகத்தில்தான். கஞ்சனைக் கழுத்தில் பணப்பையோடு தொங்கவிட்டிருக்கிறார். திருட்டு வேட்டைக்காரனை முயலே நெருப்பில் வாட்டுகிறது. ஆன்மாக்களை நிறுக்கும் இடத்தில், மிக்கேல் அதிதூதர் கண்ணெதிரிலேயே பிசாசு தராசுத் தட்டை விரலால் அழுத்துகிறது. விளிம்பில், சுருட்டிய கல் நாடாவுக்குப் பின்னாலிருந்து சில முகங்கள் எட்டிப் பார்க்கின்றன, வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பது போல.

1568-இல் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் நடந்த மதப்போரில் தேவாலயம் எரிந்தது. பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. நாடெங்கும் கோயில் தங்கத்தை உருக்கிக்கொண்டிருந்த நேரம். கொங்க் மக்கள் சுரூபத்தையும் மற்றப் பொக்கிஷங்களையும் தங்கள் தோட்டங்களிலும், செஸ்ட்நட் கொட்டை உலர்த்தும் கொட்டகைகளிலும் ஒளித்துவைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். திருட்டில் வந்த புனிதையை ஊரே சேர்ந்து திருட்டிலிருந்து காப்பாற்றியது. 1837-இல் நினைவுச் சின்னங்களின் ஆய்வாளரான எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே வந்து பார்த்தபோது, கட்டடம் விழும் நிலையில் இருந்தது. அவர் முயற்சியால் அரசின் பாதுகாப்பு கிடைத்தது.

[காட்சி: உள்ளே, ஜன்னல்கள்]

கடைசியாக ஜன்னல்கள். மொத்தம் 104. பக்கத்து ஊரான ரொடேஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்து, 1994-இல் முடிந்த வேலை. வாழ்நாளெல்லாம் கறுப்பில் வரைந்தவர், இங்கே வண்ணமே வேண்டாம் என்றார். புனிதர் படமும் இல்லை, நீலமும் சிவப்பும் இல்லை. ஒளியைச் சிதறவிட்டு உள்ளே அனுப்பும் வெள்ளைக் கண்ணாடியும், சாய்ந்து வளையும் ஈயக் கோடுகளும் மட்டும். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. எனக்கும் படத்தில் பார்த்தபோது குளியலறைக் கண்ணாடி மாதிரிதான் தெரிந்தது.

[காட்சி: ஒரே ஜன்னல், விடியலிலிருந்து அந்தி வரை, வேகமாக ஓட்டியது]

இப்போது பாருங்கள். காலையில் நீலம் தட்டுகிறது. மாலையில் அதே கண்ணாடி ஆரஞ்சு.