காதுக்கு உரிய பெயர்

நேயர்களுக்கு வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெயரைப் பெரும்பாலும் எழுதித்தான் பார்க்கிறார்கள். பலகையில் எடுப்பாக இருக்குமா, முகவரி அட்டையில் அழகாக அமையுமா என்றுதான் யோசிக்கிறார்கள். ஆனால் பெயர் முதலில் காதுக்கு உரியது. நம்மிடம் வந்துபோன ஒருவர் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் தொழில் பரவுகிறது. அவர் சொல்லும் இடத்தில் நாம் இருக்கமாட்டோம். எழுத்துக்கூட்டி விளக்கவும் முடியாது.

1994-இல் ஜெஃப் பெசோஸ் தமது நிறுவனத்தைக் ‘கடாப்ரா’ என்று பதிவு செய்தார். மந்திரவாதிகள் சொல்லும் ‘அப்ரகடாப்ரா’வின் பின்பாதி அது. தொலைபேசியில் அவருடைய வழக்கறிஞரின் காதில் அது ‘கடாவர்’ என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்று பொருள்! சில மாதங்களிலேயே அந்தப் பெயர் போய், அமேசான் வந்தது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். பெயரை ஒரே ஒரு முறை, இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். “என்ன?” என்று அவர் திரும்பக் கேட்கிறாரா, கவனியுங்கள். கேட்டதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த எழுத்துகள் அப்படியே வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறுநாள் மீண்டும் அழைத்து, நேற்றுச் சொன்ன பெயர் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் குறை பெயரில்தான் இருக்கிறது, அவர்கள் காதில் இல்லை.

அடுத்து, செய்கிற வேலையையே பெயராக வைத்துவிடும் பழக்கம். இன்று விற்கும் பொருளைப் பெயரில் பூட்டிவிட்டால், நாளைக்கு வேறொன்றை விற்கும்போது அந்தப் பெயரே குறுக்கே நிற்கும். டோக்கியோவில் 1946-இல் தொடங்கிய ‘டோக்கியோ சூஷின் கோக்யோ’ என்ற நிறுவனம், வெளிநாட்டவர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை என்பதால் 1958-இல் ‘சோனி’ ஆனது. மின்னணுத் தொழில் என்பதையும் பெயரில் சேர்க்கலாமே என்று அவர்களுடைய வங்கி யோசனை சொன்னபோது, நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா அசையவில்லை. பின்னாளில் அந்த நிறுவனம் இசை, திரைப்படம், காப்பீடு என்று எங்கெங்கோ போனது. அந்தச் சின்னஞ்சிறு பெயர் எதற்கும் தடையாக நிற்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சட்டமும் இங்கே நம் பக்கம்தான். விற்கும் பொருளை அப்படியே விவரிக்கும் சொல்லை நாம் மட்டுமே பயன்படுத்தும் உரிமை கிடைப்பது பெரும்பாலான நாடுகளில் கடினம். அந்தச் சொல் எல்லா வணிகர்களுக்கும் வேண்டியது. புதிதாகப் புனைந்த சொல்லுக்கே பாதுகாப்பு வலுவாக இருக்கும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் தமது புகைப்படக் கருவிக்காக 1888-இல் பதிவு செய்த ‘கோடாக்’ அப்படிப்பட்டது. எந்த மொழியிலும் பொருளில்லை. அவருக்குப் பிடித்த ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கி அதிலேயே முடியும் குறுஞ்சொல். தவறாக உச்சரிக்க வழியே இல்லை. ஆனால் ஒன்று: புனைந்த சொல் தானாக எதையும் சொல்லாது. அதற்குப் பொருள் ஏற்றும் வேலையும் விளம்பரச் செலவும் நம் தலையில்தான். அந்தப் பொறுமை இல்லாதவர்கள், தொழிலை நேராகச் சொல்லாமல் அதன் தன்மையைக் குறிப்பால் உணர்த்தும் சொல்லைத் தேடலாம். பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இந்த நடுவழியைத்தான்.

சொந்தப் பெயரை வைப்பது தவறில்லை. ஆனால் பங்குதாரர் பிரிந்தாலோ, தொழிலை விற்றாலோ உங்கள் பெயர் வேறொருவர் கையில் இருக்கும். அதற்கு மனம் ஒப்புகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனப் பெயர் பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அது வேறு, விற்பனையில் வழங்கும் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளாமல் காக்கும் வணிகச் சின்னப் பதிவு வேறு. பன்னாட்டு ஏற்பாட்டின்படி வணிகச் சின்னங்களுக்கு 45 வகுப்புகள் உண்டு. முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. உங்கள் தொழில் எந்த வகுப்பில் வருகிறதோ அதில் தேடுங்கள். அதை ஒட்டிய வகுப்புகளிலும் தேடுங்கள். எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருந்தால் வழக்கு வரலாம். ஆகவே ஒலியை வைத்தும் தேட வேண்டும். இணையதள முகவரி கிடைக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். கிடைத்தால் அன்றே வாங்கிவிடுங்கள். பலகைக்காரரிடம் அதன் பிறகு போகலாம்.

நன்றி, வணக்கம்.