மயிலுக்குப் போர்வை, ஆமைக்கு?

நேயர்களுக்கு வணக்கம். தை பிறந்துவிட்டது. மார்கழியில் வீடு மாற்றக் கூடாது என்று மூட்டை கட்டி வைத்துக் காத்திருந்தவர்கள் எல்லாரும் இந்த மாதம்தான் கிளம்புவார்கள். பீரோவை எப்படி ஏற்றுவது, கிரைண்டரை எங்கே வைப்பது என்று சொல்ல ஆள் உண்டு. ஆமையை எப்படி ஏற்றுவது என்று சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அழைத்திருப்பார்கள். இந்த விஷயத்தில் நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

வேலூர்க்காரர்களிடம் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. கொசப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, ஓய்வுக்குப் பிறகு ஏலகிரி மலை அத்தனாவூரில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனோம். என்னோடு என் அம்மா, மனைவி, பேத்தி. பேத்தியோடு அவளுடைய ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள ஸ்லைடர் ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் பிறந்த இனம், வண்ண மீன் கடை வழியாக நம் ஊருக்கு வந்தது. அதற்கு அப்பளம் என்று பேர் வைத்திருந்தாள்.

என் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் வெளங்காதுடா." கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வரும் அமீனாவை இப்போது யார் பார்த்திருக்கிறார்கள்? பேங்க் நோட்டீஸ்தான் வருகிறது. ஆமை மட்டும் இன்னும் பழி சுமக்கிறது. பேத்தி அழுததும் அம்மா வாயை மூடிக்கொண்டார்.

பால் காய்ச்ச நல்ல நேரம் புதன்கிழமை விடியற்காலை, பிரம்ம முகூர்த்தம். ராத்திரி இரண்டு மணிக்கே குட்டி யானை லோடு வண்டி வந்துவிட்டது. ஆமையைத் தொட்டியிலிருந்து எடுத்து, காயக் கூடாது என்று ஈரத் துண்டில் சுற்றினேன். குளிருமே என்று அதன்மேல் என் கம்பளிச் சால்வையை நாலு சுற்று சுற்றினேன். ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, வண்டியின் பின்னால் பீரோவுக்கும் அம்மிக்கும் நடுவில் தகரத் தரையில் வைத்தேன். பாதுகாப்பாக வைத்துவிட்டோம் என்று எனக்கு அத்தனை நிம்மதி.

வேலூரிலிருந்து ஏலகிரி சுமார் 900 மீட்டர் மேலே. 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். இதைப் பாடம் நடத்தியவனே நான்தான். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பி மலை ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பேரும் கடையேழு வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள். டிரைவர் தம்பி ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே வந்தார். பேகன் வளைவில், "இவரு யாரு வாத்தியாரே?" என்றார். மயிலுக்குப் போர்வை போர்த்தியவன் என்றேன். பின்னால் என் ஆமை செத்துக்கொண்டிருந்தது.

அத்தனாவூரில் இறக்கிச் சால்வையைப் பிரித்தால் தலையும் காலும் வெளியே தொங்குகின்றன. காலைத் தொட்டேன், உள்ளே இழுக்கவில்லை. ஓட்டைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. மனைவி பால் பொங்கிவிட்டது என்று கூப்பிடுகிறாள். நான் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் எங்கே குழி தோண்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேகன் செய்தது சரி. மயிலுக்கு உடம்புக்குள்ளேயே அடுப்பு எரிகிறது. போர்வை அந்தச் சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கும். ஆமைக்கும் ஓணானுக்கும் பாம்புக்கும் அந்த அடுப்பு கிடையாது. வெயில் கொடுத்தால் சூடு, கொடுக்காவிட்டால் குளிர். குளிர்ந்த ஆமையைக் கம்பளியில் சுற்றினால் கம்பளி அந்தக் குளிரைத்தான் காவல் காக்கும். நானோ ஈரத் துண்டு வேறு சுற்றியிருந்தேன். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கணக்குத்தான். ஈரம் காய்ந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். "தை மாதம் தரையும் குளிரும்" என்பார்கள். நான் அதைத் தகரத் தரையில் வைத்திருந்தேன்.

குழி தோண்டவில்லை. பேத்திதான் விடவில்லை. குளிர்ந்துபோன ஊர்வன செத்த மாதிரியே இருக்கும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்திலிருந்து இகுவானா என்கிற பெரிய ஓணான் விழலாம், ஜாக்கிரதை என்று வானிலை அலுவலகமே எச்சரிக்கை விட்டது. விறைத்துக் கீழே விழுந்தவை வெயில் ஏறியதும் எழுந்து போயின. அது நினைவுக்கு வந்தது. சுடுதண்ணீரில் போடவில்லை, போட்டிருந்தால் கொன்றிருப்பேன். சமையலறையில் காற்றுப் படாத மூலையில் வைத்து, பிறகு மூக்கு முழுகாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கூட்டினேன். ஒன்பது மணிக்குப் பின்னங்கால் ஒரு தடவை இழுத்தது.

அதோடு முடியவில்லை. நாலாம் நாள் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மூக்கில் குமிழி. நுரையீரலில் சளி. ஒரு நுரையீரல் கனத்தால் படகு சாய்கிற மாதிரி ஆமை சாயும். கால்நடை மருத்துவர் ஊசியை முன்னங்காலில்தான் போட்டார். பின்பக்கத்து ரத்தம் முதலில் சிறுநீரகத்துக்குப் போகக்கூடும் என்பதால் அப்படி. ஒரு வாரம் கீழே போய்ப் போய் வந்தோம்.

இரண்டாவது பயணம் அதற்கடுத்த தையில். மருமகனுக்குத் துபாயில் வேலை கிடைத்ததால் அவருடைய பச்சை இகுவானா என் தலையில் வந்தது. நாலு அடி நீளம். பேர் முனுசாமி. இந்தத் தடவை பஞ்சாங்கத்தை நான் பார்க்கவில்லை. புதன்கிழமை பகல் பன்னிரண்டேகால் மணிக்குக் கிளம்பினோம். சரியான ராகு காலம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊர்வனவற்றுக்கு நல்ல நேரம் என்றால் உச்சி வெயில்தான்.

மீன் மார்க்கெட்டில் ஒரு பெரிய தெர்மகோல் பெட்டி வாங்கி, வாடை போகக் கழுவி வெயிலில் காயவைத்தேன். மூடியில் பென்சில் பருமனில் ஓட்டைகள். முனுசாமியைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு உறையின் வாயைக் கட்டினேன். இருட்டானதும் அடங்கிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்து, நடுவில் அட்டை தடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம். சூடு அதிகமானால் அது நகர இடம் வேண்டும். நேராக உடம்பில் பட்டால் தோல் வெந்தாலும் சில சமயம் நகராமல் கிடக்கும். மீன் தொட்டிக்கு விற்கிற ஒயர் வைத்த தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, எண் தெரியும் பகுதியை வெளியே ஒட்டினேன். வழி முழுக்க 27 டிகிரியைச் சுற்றியே இருந்தது. பார்க்க ஆசையாக இருக்கிறதென்று மூடியைத் திறக்கவே கூடாது.

இரண்டு நாள் முன்னாலேயே தீனியை நிறுத்தியிருந்தேன். தின்ற இலையை அதன் குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் செரிக்க வைக்கின்றன, அவற்றுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்தால் தீனி உள்ளேயே அழுகும். பாம்பு வைத்திருப்பவர்கள் இரை கொடுத்து ஒரு வாரமாவது போகட்டும். தண்ணீர் ஆமைக்குப் பயணத்தில் தண்ணீரே வேண்டாம். நாலு மணி நேரம் உலர்ந்த துணியில் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஆம்பூரில் மருமகன் பிரியாணிக்கு நிறுத்தச் சொன்னார். பார்சல்தான் என்றேன். காரை வெயிலில் பூட்டி நிறுத்தினால் தையிலும் உள்ளே வெந்துவிடும்.

முதல் தடவை தொட்டி சாமான்களைத் தட்டுமுட்டுகளுக்கு அடியில் போட்டுவிட்டுத் தேடினோம். இந்தத் தடவை சூட்டு பல்பையும் கூண்டையும் முந்தின நாளே கொண்டுபோய் மாட்டி, ராத்திரி முழுக்க எரியவிட்டு, கரண்ட் நிற்கிறதா என்றும் பார்த்தாகிவிட்டது. மலையில் கரண்டை நம்ப முடியாது.

இன்னொன்று. நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இப்போது உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீடு மாற்றும்போது அல்ல, இன்றைக்கே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இகுவானா போன்ற பட்டியலிட்ட வெளிநாட்டு இனங்களுக்கு 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். எடுத்துப்போகத் தொல்லை என்று ஸ்லைடர் ஆமையைக் கோயில் குளத்திலோ புங்கனூர் ஏரியிலோ விட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்ளும்.

முனுசாமி ஐந்து நாள் எதுவும் தின்னவில்லை. பதறவில்லை, தொந்தரவும் செய்யவில்லை. ஆறாம் நாள் முருங்கைக் கீரையைத் தின்றது. அப்பளம் பக்கத்துத் தொட்டியில் தன் கல்மேல் ஏறி, பல்புக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. இன்று காலை நான் இங்கே கிளம்பும்போது அம்மா நாற்காலியை இழுத்து அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கையை நீட்டிச் சூடு காய்ந்தபடியே சொன்னார்: "அந்த பல்ப இப்டி கொஞ்சம் திருப்பி வச்சிட்டுப் போடா."