மஞ்ச லைட்டுக்கு போன 770 வெள்ளி

வணக்கம் மக்களே, எல்லாரும் பசியாறிட்டீங்களா. இன்னைக்கு வீட்டுக்குள்ள இல்ல, காடிக்குள்ள, அதான் காருக்குள்ள, உக்காந்துதான் பேசறேன், கொஞ்சம் சத்தம் கேக்கும், எண்ணெய் எடுக்கற செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு லோரிங்க மில்லுக்கு போற நேரம் இது, மலேசியால எங்க ஊரு சுங்கை சிப்புட் ஆளுங்களுக்கு தெரியும் இந்த சத்தம். சரி, கேமராவ கொஞ்சம் கீழ இறக்கறேன், ஸ்டீரிங்குக்கு முன்னாடி இருக்கற மீட்டர் தெரியுதா? எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு லைட்டும் எரியல. இப்படி ஒண்ணும் எரியாத மீட்டர பாக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு மக்களே, 770 வெள்ளி, ரிங்கிட்டுதான், ஆச்சு, அதுக்கும் மேல இன்னொரு 1,650 போயிருக்கும், கடைசி நேரத்துல தப்பிச்சேன்.

நேத்து ராத்திரி எங்க அத்தை பொண்ணு கோலகங்சார்ல இருந்து போன் பண்ணி ஒரே அழுகை, அவ காடில பிரேக் சம்பந்தப்பட்ட ஏபிஎஸ் லைட்டு எரியுதாம், பட்டறைல 900 கேக்கறாங்களாம், பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் காசு கட்டணும் அக்கா நான் என்ன பண்றதுன்னு கேட்டா. அதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல, நமக்கு நடந்தத சொல்லிடணும்னுதான் காலைலயே கேமராவ எடுத்துட்டேன்.

என் காடி சின்ன காடிதான், ஆயிரம் சிசி, மூணு சிலிண்டர். ஈப்போவுக்கு வேலைக்கு போறேன், போக முப்பது கிலோமீட்டருக்கு பக்கம், வர முப்பது. ஒரு நாள் செம்மோர் தாண்டி போய்க்கிட்டு இருக்கறப்ப மீட்டர்ல மஞ்ச கலர்ல எஞ்சின் படம் வந்துடுச்சு. காடி நல்லாதான் ஓடுது, இழுவை இருக்கு, சூடு ஏறல, ஆனா அந்த லைட்டு மட்டும் அணையல. அன்னைக்கு முழுக்க வேலைல மனசே ஒட்டல.

சாயங்காலம் ஒரு பட்டறைல விட்டேன். பேரு வேணாம், நான் யாரையும் கெட்ட பேரு வாங்க வைக்க பேசல. அவரு ஸ்டீரிங்குக்கு கீழ ஒரு மிஷின சொருகி பாத்துட்டு ஓ2 சென்சார் போச்சு, 420 வெள்ளின்னாரு. கோடு என்னன்னு நான் கேக்கல, கோளாறு எங்கன்னு காடி கம்ப்யூட்டர் காட்டற நம்பர்தான் கோடு, அப்ப எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. மாத்துனாரு, லைட்டு போச்சு, சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன், நாலு நாள், நல்ல மழை பேஞ்ச காலைல மறுபடி வந்து நிக்குது. திரும்ப போனா, இன்னொரு சென்சார் இருக்கு, பின்னாடி, அதுவும் போயிருக்கும், 350ன்னாங்க. அதையும் குடுத்தேன். ஒரு வாரம் தாங்குச்சு.

அப்புறம் வேற பட்டறை. அங்க சொன்னது, எக்ஸாஸ்ட் குழாயில புகைய சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் அடைச்சிடுச்சு, புதுசு 1,650. நான் அப்படியே நின்னுட்டேன். 2025 பிப்ரவரில இருந்து நம்ம நாட்டுல குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, அப்ப ஒரு ஆளு மாசம் பூரா உழைச்ச காசு ஒரு லைட்டுக்கு போகுது, அந்த காசுல வீட்டு வாடகை இருக்கு, அரிசி இருக்கு, அம்மா மருந்து இருக்கு. அம்மா கூட்டு, அதான் சீட்டு, கட்டியிருந்த காச எடுத்துக்கோன்னு சொன்னாங்க, எனக்கு கை நீளல.

அப்பாதான் தடுத்தாரு. எங்க அப்பா தோட்டத்துல ட்ராக்டர் ஓட்டுனவரு, அப்புறம் ரொம்ப வருஷம் 660 சிசி கஞ்சில் காடி வச்சிருந்தாரு, கார்புரேட்டர் வண்டி, எதுவா இருந்தாலும் லயத்து வாசல்ல வச்சு அவரே கழட்டி மாட்டுவாரு. அவரு சொன்னாரு, சாமான மாத்தியும் நோய் போகலன்னா நோய் சாமான்ல இல்லம்மா, வயர்ல பாருன்னு. பாசாருக்கு, அதான் மார்க்கெட்டுக்கு, பின் சந்துல ஏர்கான் வயரிங் கடை வச்சிருக்கற ஒரு அங்கிள்கிட்ட கூட்டிட்டு போனாரு.

அந்த அங்கிள் முதல்ல பண்ணது என்ன தெரியுமா, கோட ஒரு துண்டு பேப்பர்ல எழுதி என் கையில குடுத்தாரு. பி0135. இது முதல் சென்சாரோட ஹீட்டர் லைன் கோடு, கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னா பி0420ன்னு வரணும், உன் காடில அது வரவே இல்லையேன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சது மக்களே. அந்த 1,650க்கு காடிக்குள்ள ஒரு ஆதாரமும் இல்ல.

ஹீட்டர்னா என்னன்னும் அவரே சொன்னாரு. ஓ2 சென்சார் எக்ஸாஸ்ட் குழாயில உக்காந்துக்கிட்டு புகைல எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்குன்னு பாக்குது, அத வச்சுதான் கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டுது குறைக்குது. ஆனா அந்த சென்சார் முன்னூறு டிகிரிக்கு மேல சூடானாதான் ஒழுங்கா வேலை செய்யும், தோசைக்கல்லு காயாம மாவு ஊத்துனா எப்படி, அது மாதிரி. சீக்கிரம் காயறதுக்குதான் உள்ளுக்குள்ளயே ஒரு ஹீட்டர் வச்சிருக்காங்க. அந்த ஹீட்டருக்கு கரண்டு வரலன்னாலும் லைட்டு எரியும், ஹீட்டரே கருகிப் போனாலும் அதே லைட்டு, அதே கோடு. கோடு சொல்றது அந்த லைன்ல கோளாறுன்னு மட்டும்தான், சென்சார மாத்துன்னு அது சொல்லல. இத யாராவது முதல் நாளே என்கிட்ட சொல்லியிருந்தா!

வோல்ட் பாக்கற மீட்டர வச்சு சென்சார் சாக்கெட்ல பாத்தாரு, பன்னெண்டு வோல்ட் வரணும், வரல. ஃபியூஸ் நல்லா இருக்கு. அப்புறம் வயரோட வழியிலயே விரல வச்சு தடவிக்கிட்டே போனாரு, எஞ்சினுக்கு பின்னாடி வளையற இடத்துல டேப்ப பிரிச்சா, ரெண்டு வயர் தோல் இல்லாம நிக்குது, உள்ள செம்பு பச்சை பூத்து கிடக்கு. ஒண்ணு பாதிக்கு மேல அறுந்து, குலுங்கறப்ப தொடுது, அப்புறம் விட்டுடுது. அதனாலதான் சென்சார் மாத்தி கோட அழிச்சதும் லைட்டு போயி, மழைத்தண்ணி பட்டதும் திரும்ப வந்திருக்கு.

எலி மக்களே, எலி. பேட்டரிக்கு கீழ பாத்தா காஞ்ச இலை, பஞ்சு, பாதி தின்ன செம்பனைப் பழம் ஒண்ணு. அப்பா அத எடுத்து பாத்துட்டு தலையாட்டுனாரு. எங்க தாமானுக்கு, அதான் குடியிருப்புக்கு, பின்னாடி தோட்டத்துல பழைய மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டு மறுநடவு பண்றாங்க, செம்பனைக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆனா சாய்ச்சுடுவாங்க இல்லையா, சாய்ச்ச மரத்த துண்டு போட்டு வரிசையா குவிச்சு வச்சிருப்பாங்க, அதுக்குள்ள எலி பெருத்துடும். அதுக்குதான் தோட்டங்கள்ல கம்பத்துல பெட்டி கட்டி ஆந்தை வளக்கறாங்க, வெள்ளை மூஞ்சி ஆந்தை, ராத்திரில எலிய அதுதான் பிடிக்கும். ஆந்தைக்கு தப்புன எலி, சாயங்காலம் சூடா வந்து நிக்கற காடிக்கு அடியில வந்து படுக்குது. தோட்டத்து ஓரமா வீடு இருக்கறவங்க, உங்களுக்கு லைட்டு எரிஞ்சா முதல்ல போனெட்ட திறந்து எலிப் புழுக்கை இருக்கான்னு பாருங்க, காசு செலவில்லாத வேலை.

வயர ஒட்டவச்சு, மேல ரப்பர் டியூப் போட்டு, டேப் சுத்தி, அறுபது வெள்ளி வாங்கனாரு. அறுபது! மூணு வாரமா இந்த மீட்டர் இப்படித்தான் இருக்கு, ரெண்டு நாள் பேய் மழை பேஞ்சும் வரல.

முதல் பட்டறைக்கு போயி அந்த பழைய சென்சார குடுங்கன்னு கேட்டேன், தூக்கிப் போட்டாச்சுன்னாங்க. அப்ப அது நல்ல சென்சாரா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. அதனால கெஞ்சி கேக்கறேன், காடிய விடறப்பவே பழைய சாமான் எனக்கு திரும்ப வேணும்னு சொல்லிடுங்க. கன்வெர்ட்டர்னா கண்டிப்பா சொல்லுங்க, அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலையுள்ள உலோகம் இருக்கு, பழசுக்கே காசு இருக்கு.

ரசீதும் வாங்குங்க. முதல் 420க்கு என்கிட்ட ஒரு துண்டு காகிதம் கூட இல்ல. 1999 பயனீட்டாளர் பாதுகாப்பு சட்டத்துல ஒரு தீர்ப்பாயம் இருக்கு, திரிபுனல்னு சொல்வாங்க, 5 வெள்ளி கட்டி புகார் போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வைக்க வேணாம். ஆனா கையில எழுத்து இல்லாம அங்க போயி என்னத்த காட்டறது?

இன்னொண்ணு, அந்த கோடு படிக்கற ரீடர். சின்னதா தீப்பெட்டி மாதிரி இருக்கும், புளூடூத், போன்லயே பாக்கலாம், நான் முப்பத்தஞ்சு வெள்ளிக்கு ஆன்லைன்ல வாங்கனேன். ஸ்டீரிங்குக்கு கீழ பதினாறு கால் உள்ள சாக்கெட் இருக்கு பாருங்க, அமெரிக்காவுல 1996ல இருந்து எல்லா புது காடிக்கும் இத கட்டாயமாக்கனாங்க, அப்புறம் உலகம் பூரா அதே சாக்கெட், அதே கோடுதான் பரவிடுச்சு. பி0300 வந்தா பத்த வைக்கறதுல கோளாறு, பிளக், காயில் பாக்கணும். பி0171 வந்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி, எங்கயாவது ரப்பர் ஹோஸ் வெடிச்சு காத்து இழுக்கும், ஹோஸ் சில வெள்ளிதான். ரொம்ப பழைய காடி சிலதுல இந்த ரீடர் பேசாது, அத வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

ஆனா ஒண்ணு, நான் சொல்றத கேட்டுட்டு எல்லா லைட்டையும் விட்டுடாதீங்க, அது ரொம்ப தப்பு. மஞ்ச எஞ்சின் லைட்டு சும்மா நின்னு எரிஞ்சா பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிப் போகலாம். அதே லைட்டு விட்டு விட்டு மின்னுனா கால எடுங்க, ஓரம் கட்டுங்க, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போயி எரியுது, அப்ப நிஜமாவே 1,650 போயிடும். சிவப்புல எண்ணெய் குடுவை, சிவப்புல சூடு காட்டற லைட்டு வந்தா வீடு பக்கத்துலதானேன்னு ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, உடனே எஞ்சின அடைங்க, இல்லன்னா எஞ்சின் பிடிச்சு இறுகிடும், அப்புறம் பழைய காடி சாமான் விக்கற ஹாஃப்கட் கடைல வேற எஞ்சின்தான் தேடணும்.

எல்லா பட்டறை ஃபோர்மேனும் ஏமாத்தறாங்கன்னு நான் சொல்லல. வயர தேடறதுக்கு அந்த அங்கிளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அந்த நேரத்துக்கு காசு கேட்டா நம்ம ஆளுங்களே சும்மா பாத்ததுக்கு எதுக்கு காசுன்னு சண்டை போடறாங்க, அதனால பாதி பட்டறைல தேடறதே இல்ல, சாமான மாத்துனாதான் அவங்களுக்கு வருமானம். தேடறதுக்கு எவ்வளவுன்னு கேட்டு அந்த காச முழு மனசோட குடுங்க, நான் அறுபதுக்கு மேல இருபது வச்சுட்டு வந்தேன்.

அத்தை பொண்ணுக்கு சொல்லிட்டேன், 900 குடுக்காதேன்னு. ஏபிஎஸ் லைட்டு எரிஞ்சாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும், வழுக்கறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற வேலைதான் நிக்கும், மழைல மெதுவா ஓட்டணும். நாலு சக்கரத்துலயும் சென்சார் இருக்கு, எந்த சக்கரம்னே அவகிட்ட யாரும் சொல்லலையாம். என் தீப்பெட்டி ரீடர் ஏபிஎஸ் கோட படிக்காது, அதுக்கு வேற மிஷின் வேணும், அங்கிள் கடைல இருக்கு. சனிக்கிழமை காலைல காடிய எடுத்துட்டு வர்றா, நேரா பாசார் சந்துக்குதான் போறோம், முதல்ல கோட பேப்பர்ல எழுதி வாங்கறோம், அது என்னன்னு அடுத்த வீடியோல சொல்றேன். அம்மா பாசார்ல காத்துக்கிட்டு இருக்காங்க, மீன் கெட்டுடும், நான் கிளம்பறேன் மக்களே.