வழக்காடினால்தான் நியாயம் கிடைக்கும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். முறிந்துபோன திருமணத்தில் நியாயம் கிடைப்பது, இருவரும் சம்மதித்துப் போடும் விவாகரத்து மனுவிலா, எதிர்த்து நடத்தும் வழக்கிலா என்பது தலைப்பு. வழக்கில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி அழகாகப் பேசினார். இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவில் சேர்ந்து மனுப் போட்டால் ஆறு மாதம் கழித்து முடித்துக்கொள்ளலாம், தகுந்த காரணம் இருந்தால் அந்தக் காத்திருப்பையும் நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். உண்மைதான். ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்து, குழந்தை, பணம், நகை எல்லாவற்றிலும் ஒத்துப்போன இருவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஒத்துப்போகாமலே அந்த மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை.

அப்படிப்பட்ட மனுக்களை வாசித்துப் பாருங்கள். 'கடந்தகால, நிகழ்கால, வருங்கால ஜீவனாம்சம் எதையும் கோரமாட்டேன்' என்று ஒரு வரி அடிக்கடி வரும். அவளுக்கு வேலை இல்லை. தம்பி கல்யாணம் தள்ளிப்போகிறது, சீக்கிரம் முடித்துவிடு என்று வீட்டில் நெருக்குகிறார்கள். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறாள். சம்மதம் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியது அல்ல என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. நீதிபதியும் கேட்கிறார்: "உங்க விருப்பத்தோடதான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?" வெளியே அப்பா காத்திருக்கிறார். "ஆமாங்க" என்கிறாள். கணவனின் சம்பளம் எவ்வளவு, வீடு யார் பெயரில் என்று அதற்குமேல் யார் தோண்டப்போகிறார்கள்?

வழக்கில் தோண்டுவார்கள். ஜீவனாம்சம் கேட்டால், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு எல்லாம் வெளியே வரும். மறைத்தால் குறுக்கு விசாரணைக் கூண்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். இழுக்கத்தான் செய்கிறது. வாய்தாவுக்கு அலைந்து தேய்ந்தவர்களின் வலி எனக்கும் தெரியும். ஆனால் தீர்ப்பு வரும்வரை பட்டினி கிடக்கச் சட்டம் சொல்லவில்லை. 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். போதிய வருமானம் இல்லாத கணவனும் கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அது பல இடங்களில் தள்ளிப்போகிறது என்றால், நீதிமன்றங்களைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்போம். உரிமையை ஏன் கைவிட வேண்டும்?

அப்புறம், கையெழுத்துப் போடவே மறுக்கிறவரை என்ன செய்வது? அடித்துத் துன்புறுத்துவான், விவாகரத்தும் தரமாட்டான். அவனிடம் 13பி எடுபடாது. சம்மதம் தந்தவரும் தீர்ப்புக்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதி வழியில் அவன் மனம் மாறினால் அவள் பழையபடி முதல் படியில்தான் நிற்பாள். கொடுமை, இரண்டு வருடமாகக் கைவிட்டுப்போனது என்று 13-ஆம் பிரிவில் காரணம் காட்டி நிரூபித்தால், யார் சம்மதமும் வேண்டாம். சம்மன் வாங்கியும் அவன் வராவிட்டால், சாட்சியத்தைப் பார்த்து ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்புத் தரலாம்.

கடைசியாக ஒன்று. எதிர்த்து நடக்கும் வழக்குகளிலும் கவுன்சலிங், சமரசம் என்று பேசிப் பார்த்து, பலர் நடுவிலேயே இருதரப்பு மனுவுக்கு மாறிக்கொள்கிறார்கள். எதிரணி அதைத் தங்கள் வெற்றியாகச் சொல்லக்கூடும். ஆனால் முன்பு ஒரு ரூபாயும் தரமாட்டேன் என்றவன் இப்போது குழந்தையின் படிப்புக்கு இவ்வளவு, அவளுக்கு இவ்வளவு என்று எழுதித் தருகிறான் என்றால், அவனை அந்த மேசைக்கு இழுத்து வந்தது அவள் போட்ட வழக்கு. நடுவர் அவர்கள் அதை எங்கள் அணியின் கணக்கில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.